இருபத்தைந்து மர்டாக்

ஃபெரிஸ் ஆஸ்ட்பி முதல் தடவை போன் செய்தது ஆகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் லேத்தின் முன்னால் நின்றிருந்தேன், கையெல்லாம் எண்ணெய். என் கணவன் ராய்ஸ் ரிசீவரை என் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிவிட்டுப் போனான்.

"மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். நீங்க செஞ்சு குடுத்த டைல ஒரு சின்னச் சிக்கல்."

"டைல சிக்கலா, உன் கையில சிக்கலா?" என்றேன்.

அவன் சிரித்தான். கோபம் வராத ஆள். எங்கள் ஊரிலிருந்து நாற்பது மைல் தள்ளி, பிக்ஹார்ன் மலையடிவாரத்தில் வைக்கோல் விளைவிக்கிறான். மனைவி லவோன் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். வேட்டையில் அவளுக்குத்தான் ஆர்வம் அதிகம். அவள் சுடுவாள், இவன் வீட்டிலே உட்கார்ந்து அவளுக்குத் தோட்டா தயாரித்துக் கொடுப்பான்.

எங்கள் பக்கம் கடையில் பெட்டி பெட்டியாக விற்கும் தோட்டா போதாது என்று நினைக்கிறவர்கள் நிறைய. ஒரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தைச் சுருக்கி, கழுத்துக்குக் கீழே சரியும் தோளைத் தள்ளி, தாங்களே புதிதாக ஒன்றை உண்டாக்குவார்கள். எந்தக் கம்பெனியும் அதைச் செய்யாது, எந்தப் புத்தகத்திலும் அதன் அளவு இருக்காது. காட்டுப்பூனை என்பார்கள் அதை. உண்டாக்கியவர் பெயரையே அதற்கு வைப்பது வழக்கம். என்னுடையது இருபத்தைந்து மர்டாக்; ஒரு அங்குலத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு, அது குண்டின் குறுக்களவு. வெல்டா மர்டாக் நான்தான். சமவெளியில் முந்நூறு கஜம் தள்ளி நிற்கும் மானுக்கு அதைவிட நேராகப் போகிற தோட்டா இந்த மாநிலத்தில் கிடையாது என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

சுட்ட கூடு வீங்கிவிடும். மறுபடி மருந்தும் குண்டும் போட வேண்டுமானால் அதை முதலில் பழைய உருவத்துக்கு அழுத்த வேண்டும். அப்படி அழுத்துகிற, உள்ளே குடைந்த எஃகு உருளைதான் டை; பிரஸ் என்கிற அழுத்துக் கருவியில் அதைத் திருகி மாட்டுவார்கள். அழுத்திய கூடு துப்பாக்கியின் அறைக்குள் கச்சிதமாக உட்கார வேண்டும், அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் சிரமமில்லாமல் மூட வேண்டும். கடைத் தோட்டாவுக்கு டை எங்கும் கிடைக்கும். காட்டுப்பூனைக்கு என்னைப் போல் ஒருத்தி வெட்டித்தான் கொடுக்க வேண்டும்.

இருபத்தேழு வருஷமாக வெட்டுகிறேன். டை சரியில்லை என்று போன் செய்த ஆண்பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை. "உங்க வீட்டுக்காரர் கிட்ட குடுங்கம்மா, அவருக்குத்தான் புரியும்" என்பார்கள். ராய்ஸ் முடிவெட்டுகிறவன். லேத்தை எந்தப் பொத்தானை அழுத்தினால் நிறுத்தலாம் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. அந்த ஆண்பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் டையைத் தப்பாகத் திருகியிருப்பார்கள், இல்லையென்றால் எண்ணெயை அப்பியிருப்பார்கள். அந்த ஒன்பது பேரை வைத்தே பத்தாவது ஆளையும் எடைபோடப் பழகியிருந்தேன். ஃபெரிஸ் ஒரு தடவைகூட ராய்ஸைக் கேட்டதில்லை. அதையும் நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

"என்ன சிக்கல், சொல்லு."

"கூட்டோட அடிப்பக்கம் ஒரு வளையம் தெரியுது மேடம். பளபளன்னு. மூணு தடவை சுட்டதுக்கு அப்புறம்."

"டையை ரொம்பக் கீழ இறக்கியிருப்ப. கால் சுத்து மேல தூக்கு."

"தூக்கிப் பாத்தேன். தூக்கினா போல்ட் மூட மாட்டேங்குது. உள்ளங்கையால அடிச்சு மூட வேண்டியிருக்கு. இறக்கினா மூடுது, ஆனா வளையம் வந்துடுது."

தூக்கினால் ஒரு நோய், இறக்கினால் இன்னொரு நோய். இரண்டும் சேர்ந்து வந்தால் அது திருகுகிறவன் தப்பு இல்லை. டையும் துப்பாக்கி அறையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றுதான் அர்த்தம். வேறு யாராவது தான் செய்த டையைப் பற்றி என்னிடம் இதைச் சொல்லியிருந்தால், காபியைக் கீழே வைக்காமலே சொல்லியிருப்பேன். அன்றைக்கும் எனக்கு அது தோன்றத்தான் செய்தது. லேத்தில் பாதி வெட்டின வேலை இருந்தது. அது ஆறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அது டை விடுற தடம்ப்பா. அழுத்தினா எல்லாக் கூட்டுலயும் ஒரு கோடு விழும். அதுக்கெல்லாமா போன் பண்ணுவ?"

"அப்படியா? சரி மேடம். நீங்க சொன்னா சரிதான்."

டை விடும் தடமும் உண்டு. அது ஒன்றும் செய்யாது. ஆனால் கூடு இழுபட்டு, சுவர் உள்ளே மெலிந்து, அறுந்து போகத் தயாராகும்போதும் அதே இடத்தில் அதே மாதிரி ஒரு வளையம் வரும். எது எது என்று கண்டுபிடிக்க ஒரு கம்பித் துண்டு போதும். நுனியை வளைத்து, கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து மேலே உரசிக்கொண்டு வந்தால் பள்ளம் இருக்கும் இடத்தில் தட்டும். புதிதாக வருகிற எல்லோருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பேன். ஃபெரிஸுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் செய்து பார்த்திருப்பான்.

செப்டம்பர் நடுவில் அவனிடமிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. உள்ளே மூன்று கூடுகள் இருப்பதாக மேலே எழுதியிருந்தான். வேட்டைக் காலம் தொடங்கப் போகிறது, எல்லோருக்கும் எல்லாமும் நேற்றே வேண்டும். பெட்டி என் மேஜையில் பன்னிரண்டு நாள் கிடந்தது. பிறகு அவன் போன் செய்து, "பாத்தீங்களா மேடம்? சனிக்கிழமை லவோன் கிளம்புறா" என்றான். பார்த்தேன், இன்றைக்கே திருப்பி அனுப்புகிறேன் என்றேன். பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒரு அட்டையில் 'கூடுகள் நன்றாக இருக்கின்றன. டையில் குறை இல்லை. வெ. மர்டாக்' என்று எழுதி, பெட்டிமேல் வைத்துக் கட்டித் தபாலில் போட்டேன்.

சனிக்கிழமை மதியம் ராய்ஸ் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்தான். முடிவெட்ட வந்தவர் யாரோ சொன்னாராம்.

"ஆஸ்ட்பி பொண்டாட்டிக்கு அடி பட்டிருக்கு வெல்டா. துப்பாக்கி பின்பக்கமா வெடிச்சுதாம். பில்லிங்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க."

"எங்க அடி?"

"கண்ணுல."

அன்று பிற்பகல் முழுக்க நான் லேத்தை நிறுத்தவில்லை. என்ன வெட்டினேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

கூடு அடியில் அறுந்து, நெருப்புக் காற்று போல்ட் வழியாகப் பின்னால் வந்திருக்கிறது. ஃபெரிஸின் தாத்தா காலத்துத் துப்பாக்கி அது; குழல் மட்டும் என் தோட்டாவுக்காக மாற்றியது. காற்றைத் திருப்பிவிட அதில் வசதி போதாது. வலது கண்ணை எடுக்காமல் காப்பாற்றினார்கள். ஆனால் அதில் வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். ஒற்றைக் கண்ணோடு பள்ளிக்கூட பஸ் ஓட்ட முடியாது. பதினாறு வருஷம் ஓட்டினவள்.

இரண்டு வாரம் கழித்து ஃபெரிஸ் என் பட்டறைக்கு வந்தான். ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தான். டை, பிரஸ், கூடுகள், எல்லாம் அதற்குள் இருந்தன. முகம் வற்றிப் போயிருந்தது.

"இதையெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க மேடம். வீட்டுல இருந்தா என்னால பாக்க முடியல."

"லவோன் எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கேங்கறா. அவ என்னை ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் தாங்கல." தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். "நீங்க ரெண்டு தடவை சொன்னீங்க, டை சரின்னு. கூட்டைப் பாத்துட்டும் எழுதினீங்க. நான்தான் எங்கேயோ தப்பாத் திருகியிருக்கேன். எங்கேன்னு தெரிஞ்சாலாவது பரவாயில்ல. தினமும் படுத்துட்டு ஒவ்வொண்ணா யோசிக்கிறேன், இதைத் திருகினேன், அதைத் திருகினேன்னு. கண்டுபிடிக்க முடியல."

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். "காபி குடிக்கிறியா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை டையின் உள்ளே, குறைந்த சூட்டில் உருகும் உலோகத்தை ஊற்றி அச்சு எடுத்தேன். ஆறினதும் தட்டி வெளியே எடுத்து அளந்தேன். மூன்று தடவை அளந்தேன். என் காட்டுப்பூனைக்கு இரண்டு வடிவம் உண்டு. முதல் வடிவம் எனக்குத் திருப்தியில்லாமல் தோளை முன்னால் தள்ளி, உடம்பையும் கொஞ்சம் அகலப்படுத்தி இரண்டாவதைச் செய்தேன். ஃபெரிஸின் துப்பாக்கி அறை இரண்டாவது வடிவம். டையை மட்டும் பழைய வெட்டுக் கருவியால் வெட்டியிருந்தேன். இரண்டு கருவியும் ஒரே இழுப்பறையில் கிடந்தன. வித்தியாசம் ஐந்து தலைமுடியை அடுக்கினால் வருகிற கனம். இறக்கி அழுத்தினால் தோள் அளவுக்கு மீறிப் பின்னால் போகும். தூக்கினால் ஒடுங்கின உடம்பு தோளை முன்னால் பிதுக்கும். அவன் போனில் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை.

பெட்டியில் அந்த மூன்று கூடுகளும் இருந்தன. என் அட்டையும் இருந்தது. கம்பியை வளைத்து ஒவ்வொன்றுக்குள்ளும் விட்டேன். முதலாவதில் தட்டியது. இரண்டாவதில் தட்டியது. மூன்றாவதில் கம்பி நுனி நன்றாகவே மாட்டிக்கொண்டது. அவன் செப்டம்பரில் அனுப்பியபோதே பெட்டியைத் திறந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை.

ராய்ஸிடம் சொன்னேன்.

"அவன் உன்னைக் கேட்டானா?" என்றான்.

"இல்ல."

"அப்புறம் நீயா எதுக்குப் போய்ச் சொல்லணும்? சொன்னா கண்ணு வந்துடுமா? வக்கீல்தான் வருவான். இந்தப் பட்டறை போயிடும் வெல்டா. கொஞ்ச நாள் சும்மா இரு."

அவன் என் நன்மைக்குத்தான் சொன்னான். அது எனக்கு வசதியாக இருந்தது. பதினோரு நாள் சும்மா இருந்தேன். டையை ஒரு துணியில் சுற்றி இழுப்பறையில் போட்டேன். சாப்பிட்டேன், தூங்கினேன். தூக்கம் வந்தது என்பதுதான் இன்னும் அசிங்கம்.

பன்னிரண்டாவது நாள் சனிக்கிழமை. லவோனுக்காக ஊர்க்காரர்கள் தீயணைப்பு நிலையக் கூடத்தில் விருந்து வைத்தார்கள். ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவர வேண்டும். நான் சீஸ் போட்டு அவித்த உருளைக்கிழங்கு ஒரு தட்டு நிறையக் கொண்டு போனேன். லவோன் கண்ணில் ஒரு பட்டையோடு நடுவில் உட்கார்ந்து எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வா வெல்டா கண்ணு, இந்தப் பக்கமா உக்காரு, அந்தப் பக்கம் உக்காந்தா நீ இருக்கியா இல்லையான்னே தெரியாது எனக்கு" என்றாள்.

அவளைத் தாண்டி, காபிப் பாத்திரத்தின் பக்கம் ஆண்கள் நின்றிருந்தார்கள். துப்பாக்கிக் கிளப்பின் தலைவர் டெல்பர்ட் ஹான்காக் குரலைத் தாழ்த்தாமல் பேசுகிறவர்.

"ஃபெரிஸ், நீ வைக்கோல் கட்டுற மெஷினுக்கு நட்டு போடுற மாதிரி டையைத் திருகியிருப்ப! வெல்டா செஞ்ச சாமானைக்கூடக் கெடுக்க உன்னாலதான்யா முடியும்!"

நாலு பேர் சிரித்தார்கள். ஃபெரிஸும் சிரித்தான். தலையைக் குனிந்துகொண்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். டெல்பர்ட் என் பக்கம் திரும்பி, "என்ன வெல்டா, நான் சொல்றது சரிதானே?" என்று கேட்டார்.

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது போல் இருந்தது. வாயில் இருந்த கிழங்கை விழுங்கினேன். "யாருக்கு வேணா நடக்கலாம்" என்றேன்.

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வரை நான் வெறும் கோழைதான். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு என்னை என்னவென்று சொல்வது என்றே தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது ராய்ஸ்தான் வண்டி ஓட்டினான். பாதி வழியில், "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு" என்றான்.

ஞாயிறு காலை தனியாக நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு போனேன். ஃபெரிஸ் மாடுகளைப் பார்க்கப் போயிருந்தான். லவோன் கதவைத் திறந்தாள். காபி ஊற்றும்போது பாத்திரத்தின் மூக்கைக் கோப்பையின் விளிம்பில் முட்டுக் கொடுத்துத்தான் ஊற்றினாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது.

"லவோன், டை தப்பு. நான் தப்பான கருவியால வெட்டிட்டேன். ஃபெரிஸ் எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சிருக்கான்."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"நிச்சயமாவா?"

"அளந்து பாத்தேன்."

"எப்ப பாத்த?"

எந்தத் திட்டும் இந்தக் கேள்வி அளவுக்கு இறங்கியிருக்காது. "அவன் பெட்டியைக் கொண்டுவந்த மறுநாள்."

விரல் விட்டு எண்ணினாள். "அப்போ நேத்து விருந்துக்கு வந்தப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"கண்ணு போனது போச்சு. மெஷின்ல கை தவறும், எனக்கும் பஸ்ல தவறியிருக்கு. ஒரு தடவை ஒரு குழந்தையை ஸ்டாப்ல விட்டுட்டே வந்துட்டேன்." குரல் உயரவில்லை. "ஆனா அந்தப் பன்னெண்டு நாளும் அந்த மனுஷன் தூங்கல வெல்டா. எழுந்து எழுந்து வந்து நான் மூச்சு விடறேனான்னு பாத்துட்டுப் போறான். நேத்து உன் எதிர்ல நின்னு சிரிச்சானே, பாத்தியா? அதுக்கு நீ என்ன பதில் சொல்லுவ?"

கோப்பையை என் பக்கமாக நகர்த்தினாள்.

"அவன் கிட்ட நான் சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை கிளப் கூட்டம் இருக்கு. எந்த இடத்துல சிரிச்சாங்களோ அந்த இடத்துல நின்னு நீ சொல்லு. இப்ப காபியைக் குடிச்சிட்டுப் போ, ஊத்திட்டேன்."

குடித்தேன்.

வியாழன் மாலை அதே தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் இருபது பேர் இருந்தார்கள். டையையும் அச்சையும் மேஜையில் வைத்தேன். எழுந்து நின்று சொன்னேன்: வெட்டினது நான், கருவி பழையது, ஃபெரிஸ் போனில் சொன்ன அடையாளங்களை வைத்தே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும், கண்டுபிடிக்காமல் அவனைக் கேலி செய்தேன். தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். டெல்பர்ட் ஹான்காக் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஃபெரிஸ் பின்வரிசையில் இருந்தான். எழுந்து முன்னால் வந்தான். அச்சைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான்.

"நான் தப்பாத் திருகல," என்றான். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னான்.

"இல்ல ஃபெரிஸ். நீ ஒண்ணும் தப்பு செய்யல."

"டை தப்பாப் போனது சரி. யாருக்கும் வரும்." அச்சை மேஜையில் திரும்ப வைத்தான். "நான் மூணு கூடு அனுப்பினேனே மேடம். அதுலகூட உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?"

அதை மட்டும் நான் சொல்லாமல் விட்டிருந்தேன். லவோனிடமும் சொல்லவில்லை, அன்று எழுந்து நின்றபோதும் சொல்லவில்லை. கைத் தவறு வரை ஒப்புக்கொண்டால் போதும், அதோடு ஆட்கள் இரக்கப்பட்டு விட்டுவிடுவார்கள் என்று எனக்குள் ஒரு மூலையில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவன் கேட்டதும்தான் அந்தக் கணக்கு எனக்கே தெரிந்தது.

"நான் பெட்டியைத் திறக்கவே இல்ல," என்றேன்.

"அட்டையில எழுதியிருந்தீங்களே."

"பொய்."

அவன் என்னைப் பார்த்தான். முகத்தில் கோபம்கூட இல்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, மேஜையைச் சுற்றி, கதவைத் திறந்து வெளியே போனான். யாரும் அவன் பின்னால் போகவில்லை. நான் உட்காருவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் டெல்பர்ட்தான், "உக்காரு வெல்டா" என்றார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக நான் கேட்டதே இல்லை.

மறுநாளிலிருந்து, இருபத்தைந்து மர்டாக் டை வாங்கியிருந்த ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். மொத்தம் பதினாலு பேர். அனுப்பச் சொல்லி வாங்கி எல்லாவற்றிலும் அச்சு எடுத்துப் பார்த்தேன். நெப்ராஸ்காவில் ஒருவருடையதும் பழைய கருவியில் வெட்டினது. "என் கைதான் சரியில்லைன்னு மேல பரண்ல போட்டுட்டேன்" என்றார் அவர். நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. வக்கீல் யாரும் வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை நன்றாக இருந்திருக்கும். கிளப்பில் என்னை யாரும் ஒதுக்கவில்லை. ஆனால் வேலை கொடுக்கிறவர்கள் எண்ணிக்கை பாதியானது. புதிதாகக் கேட்டவர்களுக்கு நானே நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் வேலையை எடுத்துக்கொண்டேன். சிலர் போனை வைத்துவிட்டார்கள்.

லவோனுக்குப் பஸ் டிப்போவில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து ஓட்டுநர்களுக்கு வழி சொல்லும் வேலை கிடைத்தது. ஃபெரிஸ் என்னோடு பேசவில்லை. தபால் நிலையத்தில் எதிரே வந்தால் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொள்வான். நான் உள்ளே போகும்வரை வேறு எங்கோ பார்ப்பான். முன்பு என்னை மேடம் என்று கூப்பிட்டவன், இப்போது எதுவும் கூப்பிடுவதில்லை.

மே மாதம் லவோன் பட்டறைக்கு வந்தாள். கையில் அந்தத் துப்பாக்கி.

"மான் வேட்டை அனுமதிச் சீட்டுக்கு எழுதிப் போட்டுட்டேன். இந்தத் தடவை இடது தோள்ல வெச்சுச் சுடப் போறேன். கிழவி மாதிரி கைநடுங்கப் பழகிட்டிருக்கேன், பாத்தா சிரிப்ப. இதுக்குக் குழலை மாத்தி, கடையில விக்கிற தோட்டாவுக்கு அறை வெட்டிக் குடு. உன் பூனையெல்லாம் எனக்கு வேண்டாம். காத்து பின்னால வராம பக்கவாட்டுல போக ஒரு துளையும் போடு."

"நான் செய்யறது சரியில்ல லவோன். கோடிங்கற ஊர்ல ஒருத்தன் இருக்கான், துப்பாக்கி வேலையில நல்ல கைக்காரன். நான் சொல்லிவிடறேன்."

"அவன் கிட்ட போயிட்டுத்தான் வரேன். ஆறு மாசம் ஆகும்ங்கறான். அதுக்குள்ள வேட்டை சீசனே முடிஞ்சிடும்." முக்காலியை இழுத்துப் போட்டு லேத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னிக்கு அளவு எடு. ஒவ்வொரு அளவையும் வாய்விட்டுச் சொல்லு. நான் எழுதிக்கிறேன். எழுதினதை நீ மறுபடி அளந்து காட்டு. அதுல ஒண்ணு தப்பினாலும் துப்பாக்கியைத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

அளந்தேன். சொன்னேன். அவள் தலையைத் திருப்பி, நல்ல கண்ணைக் காகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எழுதினாள். ஒரு அளவை நாலு தடவை எடுத்தேன். நாலாவது தடவைக்குப் பிறகுதான் அதை எழுதினாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஃபெரிஸ் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். உள்ளே கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"வரமாட்டான்," என்றாள் லவோன். "அடுத்தது சொல்லு."

அளவெடுத்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் வெளியே இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.